நாலு சில்லும் இரண்டு தேசிக்காயும்

எங்கள் வீட்டில் வாகன விஷயத்தில் எனக்கு வாக்குரிமை கிடையாது. காரைக் கழுவலாம், பெட்ரோல் அடிக்கலாம், பார்க்கிங் கடிதம் வந்தால் முதல் ஆளாகத் திறந்து வாசித்துக் கவலைப்படலாம். கருத்து மட்டும் சொல்லக் கூடாது. இந்த உரிமை ஒரு சனிக்கிழமை முற்பகல், லண்டன் ஆர்ச்வே மேட்டில் முருகன் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில், ஐயரும் மாமனாரும் பார்த்துக்கொண்டு நிற்க என்னிடமிருந்து பறிக்கப்பட்டது. பறித்தவள் என் மனைவி பவானி. பறிக்கும்படி நடந்துகொண்டவன் நான்.

அதற்கு முன் ஈஸ்ட் ஹாமில் நான் ஒரு புள்ளி. சொந்தத்துக்குள் யார் கார் வாங்கினாலும் முதலில் எனக்குத்தான் போன் வரும். என் உத்தியோகம் என்னவோ கவுன்சிலில், குப்பை எடுக்கவில்லை என்று வரும் முறைப்பாடுகளுக்குப் பதில் எழுதுவது. எஞ்சின் மூடியைத் திறந்து நான் செய்த ஒரே வேலை கண்ணாடி கழுவும் தண்ணீர் ஊற்றியது (அதையும் ஒருதரம் வேறு ஓட்டைக்குள் ஊற்றி, காரை இழுத்துக்கொண்டு போக லொறி வந்தது). ஆனால் கார் வீடியோ பார்ப்பதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பார்ப்பேன், ரயிலில் பார்ப்பேன், பல் விளக்கும்போதும் பார்ப்பேன். அப்படிப் பார்த்துப் பார்த்து, கார் ஓட்டும்போது சில்லு, அதுதான் சக்கரம், நிலத்தைப் பிடிப்பது என் முதுகெலும்புக்கே தெரியும் என்று நம்பத் தொடங்கியிருந்தேன். நம்பியதோடு நிறுத்தியிருக்கலாம். எல்லோரிடமும் சொல்லியும் வைத்தேன்.

எங்கள் பழைய கார் கண்ணை மூடியதும் நான் பந்தயக் கார் மாதிரி ஒன்று கேட்டேன். பவானி கோயில் அன்னதானக் கிடாரம் இரண்டும் அரிசி மூட்டையும் பின்னுக்குக் கொள்ள வேண்டும் என்றாள். இரண்டுக்கும் நடுவில் வந்து நின்றது, வேகமாக ஓடும் எஸ்டேட் கார். முன்னால் பார்த்தால் பாயப்போகிற மாதிரி இருக்கும். பின்னால் பார்த்தால் ஒரு குடும்பமே குடியேறலாம்.

அதில்தான் சனியன் பிடித்தது. அந்தக் கார் இரண்டு வகையாக வருகிறது. ஒன்றில் முன் சில்லு இரண்டு மட்டும் காரை இழுக்கும். மற்றதில் நாலு சில்லும் சேர்ந்து வேலை செய்யும். வெளித்தோற்றத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை, பின் கதவில் பெருவிரல் அளவில் ஒரு சின்னத்தைத் தவிர. நான் நாலு சில்லுக் கட்சி. பவானி முன் சில்லுக் கட்சி.

"லண்டனிலை எங்கையப்பா மலை இருக்கு?" என்று கேட்டாள். "நாங்கள் போறது ஆர்ச்வே மேடு ஒண்டுதான். அதை டபிள் டெக்கர் பஸ்ஸே ஏறுது."

"மழைக்கு ரோட்டைப் பிடிக்க வேணும். பின் சில்லு தள்ளுறது ஒரு தனிச் சுகம். உனக்கு விளங்காது."

"உங்களுக்கு விளங்குமோ?"

"கண்ணைக் கட்டிப்போட்டு ஏத்தினாலும் சொல்லுவன்."

(இந்த வசனத்தைச் சொன்ன வாயை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.)

முதல் சனிக்கிழமை முன் சில்லுக் காரை ஒரு நாளைக்கு ஓட்டிப் பார்க்கத் தந்தார்கள். விற்பனைப் பொடியன் கெவின், வெள்ளைக்காரன், வீட்டுக்கே கொண்டு வந்து விட்டான். ஓட்டிய நேரம் முழுக்க நான் வேப்பெண்ணெய் குடித்தவன் மாதிரி முகத்தை வைத்திருந்தேன். "பார், ஸ்டியரிங் கையை இழுக்குது. பின்பக்கம் செத்த பாம்பு மாதிரி வருது" என்றேன். பவானி திரும்பிப் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு, "எனக்கு நல்லாத்தான் கிடக்கு" என்றாள். அடுத்த சனிக்கிழமை நாலு சில்லுக் கார் வருவதாக ஏற்பாடு. அதற்குப் பிறகு முடிவு எடுப்பது என்று பேச்சு.

முடிவு எந்தப் பக்கம் போகும் என்பது எனக்குத் தெரியும். பவானியோடு வாதாடி நான் உட்கார ஒரு கதிரைகூட வாங்கியதில்லை. ஆகவே சதி செய்தேன்.

பவானியின் அப்பாவை, மாமாவை, இங்கே சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் பல வருஷம் மினிபஸ் ஓட்டியவர். அதிகம் பேச மாட்டார். பேசினால் அது சட்டம். அவருடைய சட்டங்களில் ஒன்று, பேரும் நட்சத்திரமும் சொல்லிப் பூசை செய்த வாகனத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்பது. என் பேச்சைக் காற்றில் விடும் பவானி, அப்பாவின் பேச்சைத் தாண்ட மாட்டாள். எனவே நாலு சில்லுக் கார் கைக்கு வரும் அந்த ஒரு நாளில் அதைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்துவிட்டால் கதை முடிந்தது. கோயிலுக்குப் போன் பண்ணி, புதுக் கார் எடுக்கிறோம் என்று வாகனப் பூசைக்கு நேரம் கேட்டேன். பவானியிடம் சும்மா கும்பிட்டுவிட்டு வருவோம் என்றேன். மாமாவிடம் கார் எடுத்தாச்சு என்கிற மாதிரி மூஞ்சியை வைத்துக்கொண்டேன். முருகனிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாததா.

அந்தச் சனிக்கிழமை காலை கெவின் வந்தபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். கடதாசியில் கையெழுத்துப் போட்டுக் கார்த் திறப்பை வாங்கி வைத்தது பவானி. நான் வேட்டியோடு வெளியே வந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. வாசலில் நீல நிறத்தில் நின்றது கார். ஓட்டிப் பார்க்கத் தரும் கார்கள் எல்லாம் நீலம்தான் என்று கெவின் முதலே சொல்லியிருந்தான். எஞ்சின் மூடியில் கையை வைத்தேன்.

"பார்த்தியே, நிக்கிற நிலையே வேறை. நாலு சில்லும் நிலத்தைக் கவ்விக்கொண்டு நிக்குது."

பவானி எதையோ சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு, "ஓமப்பா, வடிவாத் தெரியுது" என்றாள். பூத்தட்டையும் பழங்களையும் நான் பின்னுக்கு வைக்கப் போனேன். "நீங்கள் ஏறி இருங்கோ, நான் வைக்கிறன்" என்றாள். கலியாணம் கட்டி இருபத்தொரு வருஷத்தில் அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தரம். நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அன்பு என்று நினைத்தேன்.

மாமா முன்னால், பவானி பின்னால். ஈஸ்ட் ஹாமிலிருந்து ஆர்ச்வே வரை நான் வாய் மூடவில்லை. ஒவ்வொரு ரவுண்டபவுட்டிலும் விரிவுரை. "இப்ப பின் சில்லு தள்ளுது, விளங்குதோ மாமா? போன கிழமைக் காருக்கு இந்தக் குணம் இல்லை." மாமா கதவுக்கு மேலிருந்த பிடியைப் பிடித்தபடி ரோட்டைப் பார்த்தார். பின்னாலிருந்து பவானி, "எனக்கும் விளங்குது. பின்னுக்கு ஆரோ தள்ளுற மாதிரிக் கிடக்கு" என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவ்வளவு நாள் வாதாடியதற்குப் பலன் கிடைத்துவிட்டது என்று பூரித்துப்போனேன்.

ஆர்ச்வே மேட்டில் சிவப்பு விளக்கு. பச்சை விழுந்ததும் ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் கூடவே அமத்தினேன். முன்னால் கிரீச்சென்று சில்லு சுற்றியது. வீதியோரத்தில் நாயோடு நின்ற ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"முன் சில்லு சுத்துது போலக் கிடக்கு, தம்பி" என்றார் மாமா.

"இல்லை மாமா. அது கம்பியூட்டர். நாலு சில்லும் தங்களுக்கை கதைக்கிற சத்தம்."

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். பல வருஷம் மினிபஸ் ஓட்டியவருக்குச் சில்லு கதைக்கும் என்று நான் பாடம் எடுத்தேன்.

கோயிலுக்குப் பக்கத்துத் தெரு நல்ல சரிவு. மேல்நோக்கிக் காரை நிறுத்தினேன். ரோட்டில் நனைந்த இலைகள் ஒட்டிக் கிடந்தன. ஐயர் சால்வையை இறுக்கிப் போர்த்திக்கொண்டு தட்டோடு வந்தார். பவானி கோபிப்பாள் என்று பயந்து பயந்து பார்த்தேன். அவளோ, "ஐயா, குறையில்லாமல் செய்யுங்கோ" என்றாள். பேர், நட்சத்திரம் கேட்டபோது நான் முந்திக்கொண்டு எல்லோருடையதையும் ஒப்புவித்தேன். மாமாவுடையதை இரண்டு தரம் சொன்னேன், பிடி விடக் கூடாதென்று. மூடியில் சந்தனம், குங்குமம், ஒரு மாலை. தேங்காய் உடைத்ததில் பாதித் தண்ணீர் முன் சில்லுக்குக் கீழே ஓடியது. கடைசியில் ஐயர் குனிந்து நாலு சில்லுக்கும் முன்னால் ஒவ்வொரு தேசிக்காய், அதுதான் எலுமிச்சம்பழம், வைத்தார்.

"இப்ப நசிச்சுக்கொண்டு மெதுவா முன்னுக்கு எடுங்கோ."

மெதுவாக என்றுதான் சொன்னார். எனக்கோ வெற்றி தலைக்கேறியிருந்தது. நாலு சில்லும் ஒரே நேரத்தில் நாலு தேசிக்காயையும் சப்பென்று நசிப்பதைப் பவானி பார்க்க வேண்டும் என்று வேகம் கூட்டும் ஸ்போர்ட் பொத்தானை அழுத்திவிட்டு, காலை வைத்து ஒரு அமத்து அமத்தினேன்.

கார் உறுமியது. ஒரு அங்குலமும் அசையவில்லை. முன் சில்லு இரண்டும் நனைந்த இலையிலும் தேங்காய்த் தண்ணீரிலும் பம்பரமாகச் சுழன்றன. முன்னால் வைத்த தேசிக்காய்கள் இரண்டும் பின்பக்கமாகப் பறந்தன. ஒன்று அயல்வீட்டுக் குப்பைத்தொட்டியில் மோதியது (என் கவுன்சிலாக இருந்தால் அதற்கும் நான்தான் பதில் எழுதியிருப்பேன்). மற்றது ஐயரின் முழங்காலில் பட்டது. அவர் "முருகா" என்று மட்டும் சொன்னார். ரப்பர் கருகிய மணமும் தேசிக்காய் மணமும் சேர்ந்து எழும்பின. காலை எடுத்தேன்.

இறங்கி வந்தபோது மாமா பின் சில்லுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார்.

"தம்பி, இஞ்சை வாங்கோ. இது ரெண்டும் வைச்சபடி கிடக்கு."

பார்த்தேன். பின் சில்லுகளுக்கு முன்னால் இரண்டு தேசிக்காயும் ஒரு கீறல் இல்லாமல், மஞ்சளாக, அமைதியாக இருந்தன.

"பின் சில்லு ஒரு சுத்தும் சுத்தயில்லை" என்றார் மாமா.

"சில நேரம் பெட்ரோல் மிச்சம் பிடிக்க அது ஓய்வெடுக்கும், மாமா" என்றேன். இன்றைக்கும் யாராவது என்னைப் பொய்யன் என்றால் இந்த ஒரு வசனத்துக்காக ஒப்புக்கொள்வேன்.

பவானி கைப்பையைத் திறந்து ஒரு கடதாசியை எடுத்து நீட்டினாள். "நாலு சில்லுக் காருக்கு டயரிலை ஆணி குத்திப் போட்டுதாம். அந்தப் பொடியன் போன கிழமைக் காரையே திருப்பிக் கொண்டு வந்து, பரவாயில்லையோ எண்டு கேட்டவன். நான் ஓம் எண்டிட்டன்."

"ஏன் எனக்குச் சொல்லயில்லை?"

"சொல்லத்தான் வந்தனான். நீங்கள் நாலு சில்லும் கவ்வுது எண்டு சொன்னியள். சரி, எவ்வளவு தூரத்துக்குக் கவ்வுது எண்டு பாப்பம் எண்டு விட்டன்."

செத்த பாம்பு என்று நான் வைத அதே கார். ஈஸ்ட் ஹாமிலிருந்து ஆர்ச்வே வரை அதன் பின் சில்லைப் பற்றித்தான் புகழ் பாடியிருக்கிறேன். வேட்டியோடு நடுத்தெருவில் நிற்பது அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் எனக்கு முன்னால் இன்னொரு பயம் பெரிதாக நின்றது. நாலு சில்லு கைநழுவிப் போகப்போகிறது.

"அப்ப இந்தப் பூசை கணக்கில்லை" என்றேன் அவசரமாக. "பிழையான காருக்குச் செய்தது. அடுத்த கிழமை மற்றதைக் கொண்டு வந்து—"

"தம்பி" என்றார் மாமா. கையைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். "பேர் நட்சத்திரம் சொல்லியாச்சு. என்ரையை ரெண்டு தரம் சொல்லியிருக்கிறியள். இதை எப்பிடித் திருப்பிக் குடுக்கிறது?"

"மாமா, இது இன்னும் கடைக்காரன்ரை கார்."

"அப்ப கடைக்காரன்ரை காருக்கு ஏன் பூசை செய்தனீங்கள்?"

நான் பவானியைப் பார்த்தேன்.

"என்னைப் பாக்காதேங்கோ. நேற்றே கோயிலிலையிருந்து போன் வந்தது, தேசிக்காய் நாங்கள் கொண்டு வருவமோ எண்டு கேட்டு. உங்கட போன் எடுபடயில்லையாம், வீட்டு நம்பருக்கு அடிச்சவை." அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

பின்னேரம் கெவினின் கடைக்குப் போனோம். சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் அப்படியே இருந்தன. துடைக்க மாமா விடவில்லை. கெவின் காரைச் சுற்றிச் சுற்றி நடந்தான்.

"எது பிடித்தது?" என்று கேட்டான்.

"முன் சில்லுக் கார்தான்" என்றேன்.

"நல்லது. என்ன நிறத்தில் வரவழைக்கட்டும்?"

"வேறு வேண்டாம். இதுதான் வேண்டும். இதே கார்."

"இது பலபேர் ஓட்டிப் பார்த்த கார். உங்களுக்குப் புதிதாகவே—"

"இல்லை. எங்கள் பெயரையெல்லாம் இதற்குச் சொல்லிவிட்டோம்."

கெவின் என்னைப் பார்த்தான், மாலையைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான். மாமா மெதுவாகத் தலையாட்டினார். அவன் வேறொன்றும் கேட்காமல் படிவத்தை எடுத்தான்.

உள்ளதைச் சொன்னால் அது அருமையான கார். இன்றுவரை ஒரு குறை சொல்ல ஏலாது. ஸ்டியரிங் கையை இழுக்கவும் இல்லை. இதை நான் வீட்டில் சொன்னதில்லை, சொல்லவும் போவதில்லை.

கதை எப்படி வெளியே போனது என்று கேட்காதீர்கள். மாமா அதிகம் பேச மாட்டார் என்று எழுதினேன். இந்த விஷயத்தில் பேசியிருக்கிறார். ஒரு மாதத்துக்குள் சொந்தக்காரர் எல்லோருக்கும் 'ரெண்டு தேசிக்காய்' என்பது ஒரு பேச்சாகிவிட்டது. யாராவது பெரிதாக அளந்துவிட்டு உள்ளே சரக்கு பாதிதான் என்றால், "அவர் ரெண்டு தேசிக்காய்" என்பார்கள். என் மகள்கூட, சோதனைக்கு எல்லாம் படித்துவிட்டாயா என்று கேட்டால், "டூ தேசிக்காய்ஸ், அப்பா" என்கிறாள்.

போன மாதம் ஒரு கலியாண வீட்டில் எனக்கு முன்பின் தெரியாத ஒருவர் பக்கத்தில் சாப்பிட இருந்தார். மன்னாராம், இங்கே சவுத்தாலில் கடை வைத்திருக்கிறாராம். மாப்பிள்ளையைக் காட்டி, "பெரிய எஞ்சினியர் எண்டு சொல்லித்தான் பேசினவை. விசாரிச்சால் ஆள் ரெண்டு தேசிக்காய்" என்றார்.

பவானி எனக்கு மற்றப் பக்கத்தில் இருந்தாள். சோற்றிலிருந்து தலை நிமிர்த்தவில்லை.

"அதென்ன ரெண்டு தேசிக்காய்?" என்று கேட்டேன்.

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "இங்கை கனகாலமோ, அண்ணை? அதுதான் மறந்துபோனியள். அது எங்கட ஊர்ப் பேச்சு. அந்தக் காலத்திலை ஒரு விசரன், பைத்தியக்காரன், இருந்தவனாம்" என்று தொடங்கினார்.

நான் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு கடைசிவரை கேட்டேன்.