ஜன்னல் கொண்டி வைத்த சோலார் பேனல்

சூரியனுக்குத் தாழ்ப்பாள் போடப் பார்த்த ஒரே மனிதர் இந்த உலகத்தில் எங்கள் ‘ஒரு லிட்டர்’ சார்தான்.

ஒரகடத்தில் நாங்கள் சோலார் பேனல் செய்துகொண்டிருந்தோம். செய்துகொண்டிருந்தோம் என்பது பெரிய வார்த்தை. கப்பலில் வந்ததைப் பிரித்து ஒட்டிக்கொண்டிருந்தோம். அவர் பர்ச்சேஸ் ஆபீசர். நான் புது ட்ரெய்னி. ஒருநாள் கப்பல் வரவில்லை, லைன் நின்றுபோனது. கேன்டீனில் எலுமிச்சை சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டார்:

“செல்லு சீனா, கண்ணாடி சீனா, ஃப்ரேமு சீனா, ஒட்டுற பசையும் சீனா. இதுல நம்மளுது இன்னாய்யா?”

“வெயில் சார்.”

பிசைந்த கை அப்படியே நின்றது. யோசனை பிறந்த நிமிஷம் அதுதான். தன் மொபெட் ஒரு லிட்டர் பெட்ரோலில் போய்த் திரும்பும் தூரத்துக்குள் மொத்தப் பேனலையும் செய்து காட்டுவதாக அங்கேயே அறிவித்தார். அதற்கப்புறம் அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

வாய்ப்பும் வந்தது. ஒரு பெரிய ஆர்டர். ஆனால் ஒரு பாகமாவது இங்கே செய்ததாக இருக்க வேண்டும், விலையும் கப்பல் சரக்கைத் தாண்டக் கூடாது. கிடைக்காவிட்டால் லைனை மூடிவிடுவதாக ஜி.எம். சொல்லிவிட்டார். லைனில் இருந்த தென்மாவட்டத்துப் பெண்கள் ஹாஸ்டலில் பெட்டி கட்டத் தொடங்கினார்கள்.

“எவளும் பொட்டி கட்டக் கூடாது, சொல்லிட்டேன்!” என்று கத்திவிட்டு மொபெட்டை உதைத்தார். பின்னால் நான்.

கார் கண்ணாடி செய்கிறவர், “எந்த மாடலுக்கு சார்?” என்றார்.

“காருக்கு இல்லப்பா, மொட்டை மாடிக்கு.”

“அப்ப வைப்பர் வேணாமா?”

ஃப்ரேமுக்குக் குன்றத்தூரில் அலுமினிய ஜன்னல் போடுகிறவரைப் பிடித்தோம். பேனலுக்குப் பின்னால் வயர்கள் வந்து சேரும் கையகலப் பெட்டிக்கு, மண்ணூரில் டிபன் பாக்ஸ் வார்க்கிறவர். “மழைத்தண்ணி உள்ள பூந்துச்சுன்னா மொத்தமும் காலி” என்று எச்சரித்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “சாம்பாரே வெளிய வராது தம்பி. மழை எப்டி உள்ள வரும்?”

ஆர்டர்காரர்களின் பரிசோதகர் வந்த அன்று பேனலை நாலு பேர் தூக்கி வந்து வைத்தோம். அவர் சுற்றிச் சுற்றி வந்தார். ஓரிடத்தில் குனிந்தார்.

“இது என்னங்க, கொண்டி?”

ஜன்னல்காரர் பழக்கதோஷத்தில் கொண்டியும் வைத்து, கொசுவலைக்குப் பள்ளமும் எடுத்திருந்தார். ‘ஒரு லிட்டர்’ கண் இமைக்கவில்லை.

“நைட்ல எப்டியும் வெயில் கிடையாது சார். பூட்டிக்கலாம்.”

கண்ணாடி எடையில் தோற்றது. ஃப்ரேம் விலையில் தோற்றது. கடைசியாகப் பெட்டியைக் குழாய்க்கு அடியில் வைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். லைன் பெண்கள் எல்லோரும் கண்ணாடிக் கதவில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். பரிசோதகர் மூடியைத் திறந்து விரலால் தடவினார். சொட்டு ஈரமில்லை. விலையும் கப்பல் பெட்டியை விடக் குறைவு.

ஆர்டர் வந்தது. லைன் ஓடியது. அடுத்த வாரமே வாசலில் ‘முழுக்க முழுக்க இந்தியத் தயாரிப்பு’ என்று பேனர் கட்டினார் ஜி.எம். பெட்டியைத் தவிர எல்லாம் கப்பலில்தான் வந்துகொண்டிருந்தன. அந்தப் பேனர் துணி எந்த நாட்டுது என்று ‘ஒரு லிட்டர்’ போய் விசாரித்தார். ஜி.எம். ரூம் கதவு அவருக்கு அப்போது சாத்தியதுதான், இன்னும் திறக்கவில்லை.

நான் இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறேன். நேற்று போன் வந்தது.

“தம்பி, அடுத்தது செல்லு. மணலை உருக்கி சிலிக்கான் எடுக்கணும், அவ்ளோதான். வடக்குப்பட்டுல ஒரு ஃபவுண்டரிக்காரர் மாட்டிக்கினாரு.”

“சார், அவரு பம்பு செட்டுக்கு இரும்பு வார்க்கிறவரு!”

“அடுப்பு அடுப்புதான்யா. ஞாயித்துக்கெழம வர்றியா, இல்லியா?”

நடக்காது என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஏன் நடக்காது என்று ஒரு மணி நேரம் விளக்கவும் தெரியும். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்; அந்த மனுஷனைத் தனியாகத் தோற்க விட மனசு வரவில்லை.