கன்னியப்பன் தலையணைமேல் படையெடுத்த படலம்

வாழ்க கன்னியப்பன்! மாதனூர் ஈன்ற மறவேங்கை, ஷூ கம்பெனியில் ஆயிரமாயிரம் ஆட்டுத்தோல்களை அடிபணியவைத்த கத்திக்கையன், மூன்று தேர்தல்களைக் குறட்டையொலியாலேயே கடந்த துயில்வேந்தன், இம்முறை விடியுமுன் எழுந்தான் என்றால் அதன் காரணத்தை அவையோர் கேட்டருள்க.

ஒரு மாத காலம் பாலாற்றங்கரை ஒலிபெருக்கிகளால் அதிர்ந்தது. தலையணைச் சின்னத்தார் ஒருபுறம்; தலையணையை ஒழிக்கப் புறப்பட்டோர் மறுபுறம். ஒழிக்க வந்தோர் கடைவீதியில் தலையணைகளைக் கிழித்தார்கள். பஞ்சு பனியெனப் பறந்தது. தலையணை வந்தால் தாலுகாவே பாழ் என்று சுவர்தோறும் எழுதினார்கள். இரண்டு சரக்கையும் தட்டிப்பார்த்துப் பேரம் பேச நினைத்த நிதானஸ்தர்களைத் தேர்தல் காற்று தூக்கி ஏதேனும் ஒரு கரையில் எறிந்தது.

கட்சியே இல்லாத கன்னியப்பன் எக்கரையில் விழுந்தான்? பக்கத்து மேசையில் தோல் வெட்டும் நந்தகோபால் தலையணைக்காரன். ஆகவே இவன் தலையணைக்கு ஜென்மப் பகைவன். கம்பெனி பஸ்ஸில் நாற்பது பேர் சாட்சியாகச் சூளுரைத்தான்:

"நந்தா, உன் ஒரு ஓட்ட என் ஒரு ஓட்டு அடிச்சுடும். அடிக்கலன்னா ஒரு மாசம் உன் டிபன் பாக்ஸ நான் கழுவறேன்."

"மொதல்ல நீ எழுந்து வாடா" என்றான் நந்தகோபால், ஜன்னலை விட்டுத் திரும்பாமலே.

எழுந்தான், வந்தான், பள்ளிக்கூட வாசலில் வளைந்து நெளிந்த வரிசையெனும் வியர்வைக் கடலை நீந்தினான், விரல் நீட்டி விழுப்புண்ணென மையேற்றான், அட்டை மறைப்பினுள் புகுந்தான். அங்கே பதினாறு சின்னங்கள் பதினாறு படைத்தலைவர்போல் அணிவகுத்திருந்தன. அப்போதுதான் வீரனுக்கு உறைத்தது: தன் தரப்பின் சின்னம் எது? முப்பது நாளும் அவர்கள் தலையணையைத் தவிர வேறெதையேனும் பேசியதுண்டா? சீப்பா, பூட்டா, கேரம் பலகையா?

"சார், இன்னா தூங்கிட்டீங்களா? க்யூ ரோடு வரைக்கும் போய்டுச்சு" என்றார் தேர்தல் அலுவலர்.

மலைத்த விழியும் பதைத்த நெஞ்சுமாய் நின்றவனின் விரல், ஏலகிரி உச்சியிலிருந்து உருளும் பாறையெனத் தடுக்கவொண்ணா வேகத்தில், கண்ணும் காதும் மனப்பாடம் செய்துவைத்திருந்த அந்த ஒற்றை உருவத்தை, வெண்பஞ்சு நிறைந்த அந்த வைரியை நாடி இறங்க, இயந்திரம் வெற்றிச்சங்கென 'பீப்' முழங்க, பதிந்த ஓட்டின் சீட்டைக் காட்டும் கண்ணாடிக்குள் ஏழு நொடி தலையணை காட்சியளித்தது.

மறுநாள் மதியம், யாரும் கேட்காமலே, நந்தகோபாலின் டிபன் பாக்ஸை வாங்கிக் கழுவிவைத்தான்.