நலங்கு எண்ணெயில் வந்த நுரை

எந்தப் பாடத்தையும் கடைசிப் பத்தி வரை படிக்காதவன் நான். அதனால் என் கல்யாணமே நிற்கப் பார்த்தது.

மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலம். கல்யாணம் ஆனவனைச் சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துப் போகமாட்டார்கள் என்று மலாக்கா முழுக்கப் பேச்சு. உயிர்ப் பயத்தில் அவசர அவசரமாகக் காஜா பெராங் கிராமத்தில் எனக்குப் பெண் பார்த்தார்கள். பஞ்சம் என்பதால் இருவருக்கும் பெண் வீட்டிலேயே ஒரே நலங்கு. தலையில் வைக்க இருந்ததோ கால் போத்தல் தேங்காய் எண்ணெய்.

"கவலைய விடுங்க மாமா, நான் பெருக்கித் தர்றேன்" என்றேன் மாமனாரிடம். (பள்ளியில் ரசாயனம் படித்த வாய் சும்மா இருக்குமா!)

தண்ணீருக்குத் தண்ணீரோடு ஒட்டத்தான் பிடிக்கும். எண்ணெயைத் தொடும் பரப்பு கூடக் கூட அதற்குச் சக்தி செலவு. அதனால்தான் இரண்டும் விலகிக்கொள்கின்றன. சவர்க்காரமோ (சோப்புதான்) ஒரு முனையைத் தண்ணீரிலும் மறுமுனையை எண்ணெயிலும் வைத்து நடுவில் நின்று அந்தச் செலவைக் குறைக்கும். சாம்பல் நீரில் காய்ச்சிய வீட்டுச் சவர்க்காரத்தைக் கரைத்து எண்ணெயோடு குலுக்கினேன். பால் போல வெள்ளை! ஒரு செம்பு நிறைய ஊற்றி மூடி வைத்தேன். மாமனார் அசந்துபோனார்.

அது காலை. நலங்கு மாலை. சவர்க்காரம் செலவைக் குறைக்குமே தவிர ஒழிக்காது, விட்டுவைத்தால் இரண்டும் பிரியும் என்பதுதான் நான் படிக்காத கடைசிப் பத்தி.

மேலே மிதந்த எண்ணெய் பெண்ணுக்குப் போனது. அடியில் நின்ற காரத் தண்ணீர் எனக்கு. அத்தைமார் உச்சியில் தேய்க்கத் தேய்க்க, அது வழிந்து கண்ணுக்குள் இறங்கியது. தாரை தாரையாக அழுதேன்.

மாமனார் முகம் சுருங்கிவிட்டது. "பையனுக்கு இஷ்டமில்ல போல. அழுவுறவனுக்கு எம்மகளைக் கட்டமாட்டேன். நிறுத்திடுங்க."

"ஐயோ மாமா, இஷ்டம்தான்!" என்று கதறினேன். கண்ணீர் இன்னும் கூடியது. எதிரே சயாம் தெரிந்தது. (வேறு எதுவும் தெரியவில்லை, கண்ணைத் திறந்தால்தானே!)

பெண் எழுந்து வந்து என் தலையை மோந்தாள். "அப்பா, இது அழுகை இல்ல, சவர்க்காரம்" என்று சொல்லி ஒரு வாளித் தண்ணீரை என் தலையில் கவிழ்த்தாள். கழுத்துவரை நுரை. மாமனாரே சிரித்துவிட்டார். மறுநாள் தாலி கட்டினேன்.

இன்றும் எங்கள் குடும்பத்தில் எந்த மாப்பிள்ளை கண் கலங்கினாலும் முதலில் தலையை மோந்து பார்ப்பார்கள். எங்கள் மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய அன்று நான் அடுக்களையில் ஒதுங்கி நின்று அழுதேன். மனைவி பின்னாலேயே வந்து, என் தலையை மோந்தாள்.

"ஒண்ணுமில்லையே" என்றாள். அப்புறம் அவளும் அழுதாள்.