வாயைத் திறக்காமல் வென்ற வேட்பாளர்

விஸ்கான்சின்,
புதன்கிழமை.

அன்புத் தங்கை மார்லிஸுக்கு, அண்ணன் கெர்மிட் எழுதுவது. நானும் உன் அண்ணி லவோனும் நாயும் சுகம். நீயும் உன் கிணறும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன்.

ஜெயித்துவிட்டேன்! நம் வட்டாரத்தை ஆளுகிற கவுண்டி வாரியத்தில் இனி உன் அண்ணனுக்கும் ஒரு நாற்காலி. உன் வீட்டுக்குப் பின்னால் குவாரி தோண்டிக் கிணற்றை வற்றவைக்கப் பார்க்கிற மணல் கம்பெனி, இனி என்னைத் தாண்டித்தான் போகவேண்டும். "வாரியத்துல டோரீன் அக்காவோட ஒரு ஓட்டாலதான் குவாரி வராம நிக்குது, அவங்களை எதிர்த்து நீ எதுக்குண்ணே நிக்கிற?" என்று போனில் கத்தினாயே! டோரீன் முணுமுணுப்பாள், அவ்வளவுதான். நான் கம்பெனி மேல் கேஸே போட்டவன்.

எப்படி ஜெயித்தேன் என்று கேள். தேர்தல் விளம்பரப் பலகை நடக்கூடக் கையில் காசில்லாத நேரத்தில் 'தெளிந்த ஓடை நண்பர்கள்' என்று ஒரு குழு முளைத்தது. எனக்காக எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிப்பார்களாம், ஆனால் என்னோடு கலந்து பேசக்கூடாதாம், சட்டம். அதனால் பெரிய வேட்பாளர்களைப் போல நானும் பேசாமல் சிரிக்கிற வீடியோக்களை எடுத்து, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் போட்டுவைத்தேன். காபி குடித்துச் சிரித்தேன், சோளத்தைப் பார்த்துச் சிரித்தேன், "என்னங்க, பல் வலியா?" என்றாள் லவோன். அடுத்த வாரம் டிவியைப் போட்டால், அந்தக் குழுவின் விளம்பரத்தில் நான்! நாய் என் தொப்பியைக் கவ்விக்கொண்டு ஓட, நான் துரத்துகிற வீடியோத் துண்டும் தவறிப்போய்ச் சேர்ந்திருக்கிறது. அதன்மேல் நம் குடும்பப் பெயரைச் சொல்லி ஒரு கம்பீரக் குரல்: "ஹால்வோர்சன். விடமாட்டார்!" ஊரே கைதட்டியது.

வெள்ளிக்கிழமை ஊர் மீன் வறுவல் விருந்துக்குப் போனால், பக்கத்து நாற்காலியில் அந்தக் குழுவின் ஆள், ஒரு பச்சைத் தொப்பிக்காரர். பரிமாறுகிற ஷெரி, "சண்டை போட்ட புருஷன் பொண்டாட்டி மாதிரி ஏன்யா ரெண்டு பேரும் மூஞ்சியைத் திருப்பிக்கிறீங்க?" என்றாள். "சட்டம் ஷெரி, சட்டம்!" என்றேன். உப்பு அவர் பக்கம் இருந்தது. கேட்கவில்லையே! உப்பில்லாமலே தின்று எழுந்தேன். நேர்மை என்றால் அதுதான்.

கர்த்தர் உன் வீட்டையும் கிணற்றையும் காப்பாராக. மீதியை அண்ணன் பார்த்துக்கொள்வேன்.

வெற்றிக் களிப்புடன்,
கெர்மிட்

பி.கு.: தேர்தல் முடிந்துவிட்டதால் பச்சைத் தொப்பிக்காரர் இன்று வாய் திறந்தார். நல்ல மனுஷர். மணல் கம்பெனியில்தான் வேலையாம். "நீங்க எங்க மேல கேஸ் போட்டவராச்சே சார், வாரியத்துல குவாரி ஓட்டெடுப்பு வந்தா சட்டப்படி நீங்க ஓட்டுப் போடாம வெளியே போயிடணும். டோரீன் அம்மாவை எங்களால அப்படி அனுப்ப முடியலை" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஓட்டெடுப்பு செவ்வாய்க்கிழமை. மார்லிஸ், வீட்டில் இருக்கிற வாளியிலெல்லாம் தண்ணீர் பிடித்து வை.