ஒட்டடைக்குச்சிக்கு முதல் பொட்டு

புதிதாக எதையாவது கற்றுக்கொள்ளத் தீர்மானிக்கும் மனிதன் முதலில் போவது வகுப்புக்கு இல்லை, கடைக்கு. நடைப்பயிற்சி என்றால் ஷூ, யோகா என்றால் பாய், கிட்டார் என்றால் கிட்டாருக்கு உறை. வாங்கி முடித்ததும் பாதி கற்றுவிட்ட நிம்மதி வந்துவிடுகிறது. அதன்பின் எல்லாம் பரண் மேல் ஏறிவிடும். (எங்கள் வீட்டுப் பரணைப் பார்த்தால் நான் எத்தனை விதமான பெரிய மனிதனாக ஆகியிருக்கலாம் என்பது தெரியும்.) என் விஷயத்தில் இது குணம் மட்டுமில்லை, தொழிலும்கூட. மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் பர்ச்சேஸ் பிரிவில் இருக்கிறேன். வாங்குவதற்காகவே எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

துப்பாக்கி எங்கள் வீட்டுக்குள் வந்தது என் மனைவி செல்வியால். அவள் மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்தவள். நாவலூரில் ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை. அவளுடைய அலுவலகத்தில் ஒருநாள் எல்லோரையும் துப்பாக்கி சுடும் மைதானத்துக்கு அழைத்துப் போனார்கள். செங்கல்பட்டுக்கும் கடலுக்கும் நடுவில், ஏரிக்கரையை ஒட்டிய ஒரு பொட்டல் வெளி. பள்ளத்தில் இருக்கும் இயந்திரம் ஆரஞ்சு நிறக் களிமண் தட்டை வானத்தில் வீசும். அது தரையில் விழுவதற்குள் ஷாட்கன்னால் சுட்டு உடைக்க வேண்டும். செல்வி அன்றைக்கு முதல் வெடியிலேயே தட்டைத் தூளாக்கிவிட்டாள். வீட்டுக்கு வந்தபோது அவள் முகத்தில் இருந்த பூரிப்பை எங்கள் கல்யாண ஆல்பத்தில் எந்தப் பக்கத்திலும் பார்த்ததில்லை. அடுத்த ஞாயிறே கிளப்பில் சேர்ந்தாள். தனியாக அனுப்புவதா என்று நானும் சேர்ந்தேன். (தனியாகவே அனுப்பியிருக்கலாம்.)

பயிற்சியாளர் ஹேமா எங்கள் இருவரையும்விட வயதில் சின்னவர். முதல் நாளே கறாராகச் சொன்னார்.

"சார், துப்பாக்கிய ஞாயித்துக்கெழமதான் தொடப்போறீங்க. மத்த நாளெல்லாம் வீட்ல ஒரு நீளக் குச்சிய எடுத்து, கன்னத்துல ஒட்டினாப்ல தோள்ல ஏத்திப் பழகணும். செவுரும் கூரையும் சேர்ற கோடு இருக்குல்ல, அதும்மேல குச்சி முனைய ஓட்டணும். தெனமும் பண்ணணும்."

அன்று மாலையே செல்வி ஒட்டடைக்குச்சியைக் கையில் எடுத்தாள். அன்று மாலையே நான் செல்போனைக் கையில் எடுத்தேன்.

துப்பாக்கி கிளப்புடையது. உரிமம் இல்லாததால் அதை மட்டும் என்னால் வாங்க முடியவில்லை. அதைச் சுற்றியிருந்த மற்ற எல்லாவற்றையும் வாங்கினேன். உடம்பெல்லாம் பையாக ஒரு மேல்சட்டை, மஞ்சள் கண்ணாடி, பேட்டரி போட்ட காதுமூடி, விரல் நுனி இல்லாத கையுறை, தோளில் வைக்க ஜெல் திண்டு. குறிபார்ப்பதற்காகத் துப்பாக்கிக் குழாயின் நுனியில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும், பாசிமணி போன்ற பச்சை மணி ஒன்று. வெயிலில் சும்மா ஜொலிக்கும். பார்சல்களெல்லாம் கம்பெனி முகவரிக்கு வரும். கம்பெனி பஸ்ஸில் ஊரப்பாக்கம் திரும்பும்போது மடியில் வைத்துப் பிரிப்பேன். பக்கத்து சீட்டுக்காரர்கள் நான் ஏதோ ராணுவத்தில் சேரப்போவதாக நினைத்து மரியாதையாகத் தள்ளி உட்கார்ந்தார்கள்.

"இன்னாங்க இது?" என்றாள் செல்வி, ஜெல் திண்டைப் பார்த்து.

"சுடும்போது தோள்ல அடி விழாம இருக்க."

"தோள்ல ஒழுங்கா வெச்சா அடி எங்க வுழுது? இன்னிக்கி குச்சி எடுத்தீங்களா?"

"கையுறை வரட்டும். மொத்தமா ஆரம்பிச்சிக்கலாம்."

ஹேமாவும் விடவில்லை. "அந்தப் பச்சை மணியப் பாக்காதீங்க சார். தட்டப் பாருங்க. கண்ணு தட்டு மேல இருந்தா கை தன்னால போவும்."

"பாக்கக் கூடாதுன்னா அப்பறம் ஏன் மேடம் விக்கிறாங்க?" என்று மடக்கினேன். அவர் அடுத்த ஆளிடம் போய்விட்டார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

இப்படியிருக்கையில் மாவட்டப் போட்டி வந்தது. அதில் ஆணும் பெண்ணும் சேர்ந்து ஜோடியாகச் சுடும் பிரிவு ஒன்று உண்டு. இருவரின் எண்ணிக்கையும் கூட்டி, முதலில் வரும் ஜோடி மாநிலப் போட்டிக்குப் போகும். செல்விக்கு அந்த மாநிலப் போட்டி மேல் உயிர். தூக்கத்தில்கூடத் தோளைத் தூக்கிக்கொண்டிருந்தாள். கிளப்பில் மற்ற ஆண்களெல்லாம் ஏற்கெனவே ஜோடி சேர்ந்துவிட்டார்கள். மிச்சமிருந்தது நான் ஒருவன்தான்.

"நீங்க பெருசா ஒண்ணும் கிழிக்க வேணாம்," என்றாள். "பாதி தட்டு ஒடைங்க போதும். மீதிய நான் பாத்துக்கறேன்."

பாதிதானே என்று நானும் தலையாட்டினேன். ஒரு புதுத் தொப்பியும் வாங்கினேன்.

போட்டிக்கு முந்தைய வாரம் ஆயுத பூஜை. என் கருவிகளையெல்லாம் ஹாலில் ஒரு பட்டுத்துணி விரித்து அடுக்கினேன். ஒவ்வொன்றுக்கும் குழைத்த சந்தனம், நடுவில் குங்குமம். காதுமூடிக்குக் காதுக்கொன்றாக இரண்டு பொட்டு. மஞ்சள் கண்ணாடிக்கு எங்கே வைப்பது என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். பார்வையை மறைக்கக் கூடாதல்லவா? அதனால் வலது கண்ணாடியின் மேல் விளிம்பில், அளவாக, அழகாக வைத்தேன். என் அறிவை நானே மெச்சிக்கொண்டேன்.

செல்வி ஒட்டடைக்குச்சியைக் கொண்டுவந்து வரிசையில் சாத்தினாள்.

"இதுக்கும் வைங்க."

"அது ஆயுதமா? ஒட்டட அடிக்கிறது."

"எனுக்கு அதான் ஆயுதம்," என்று அவளே அதற்கு ஒரு பொட்டை வைத்தாள். அன்று மீன் கொண்டுவந்திருந்த அவள் தம்பி சேகர் குச்சியையும் பார்த்தான், என் கடையையும் பார்த்தான். "இன்னா மாமா, சண்டைக்கா போற?" என்றான்.

பூஜையில் வைத்த பொட்டை யாராவது துடைப்பார்களா? லாரிக்காரர் துடைப்பாரா? ஆட்டோக்காரர் துடைப்பாரா? எங்கள் கம்பெனியில் லேத் மெஷினின் பொட்டு பொங்கல் வரைக்கும் இருக்கும். நானும் துடைக்கவில்லை. அந்தப் பொட்டோடேயே போட்டிக்குப் போனேன்.

கடற்காற்று ஓய்ந்து, புழுக்கம் ஆளை அவித்த காலை. மேல்சட்டை, கையுறை, திண்டு, தொப்பி என்று மூட்டையாக நின்ற எனக்கு முதல் தட்டுக்கு முன்பே வியர்வை கொட்டியது. தொப்பிக்குள்ளிருந்து வழிந்த வியர்வை கண்ணாடியின் மேல் விளிம்புக்கு வந்தது. சந்தனம் கரைந்தது. குங்குமம் அதோடு சேர்ந்தது. இரண்டும் கைகோத்துக்கொண்டு என் வலது கண்ணுக்கு நேராக இறங்கி, ஆரஞ்சு நிறத்தில் ஒரு திட்டாக நின்றன.

இனி நடந்ததை நீங்களே ஊகிக்கலாம். தட்டு வருவதற்கு முன்பே எனக்கு ஒரு தட்டு தெரிந்தது. நான் வலது பக்கம் திரும்பினால் அதுவும் வலது பக்கம் பறந்தது. இடது பக்கம் திரும்பினால் கூடவே வந்தது. இவ்வளவு அனுசரணையான தட்டை யாரும் பார்த்திருக்க முடியாது. அதைத்தான் சுட்டேன். மறுபடியும் சுட்டேன். நிஜத் தட்டுகள் என்னைக் கடந்து போய் ஏரிக்கரைப் புல்லில் பத்திரமாக இறங்கின. கண்ணாடியைக் கழற்றித் துடைத்திருக்கலாமே என்பீர்கள். துடைத்தேன், கையுறையோடு. அதுவரை திட்டாக இருந்தது, கண்ணாடி முழுக்க மாலை நேரமாகிவிட்டது. அதற்கப்புறம் எனக்குத் தெரிந்தது பச்சை மணி ஒன்றுதான். அதையே பார்த்துக்கொண்டு சுட்டேன்.

இதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. அங்கே தட்டை விடுவது ஆள் இல்லை, மைக். சுடுபவர் குரல் கொடுத்தால் அந்தச் சத்தத்துக்கு இயந்திரம் தட்டை வீசும். என்ன சொன்னோம் என்று அது பார்ப்பதில்லை. வரிசையில் எனக்கு அடுத்து நின்றவள் செல்வி; நான் சுட்டு முடித்ததும் முறை அவளுடையது. நான் ஒரு தட்டைத் தவறவிட்டு "சே" என்பேன். அந்தச் "சே"க்கு, இன்னும் துப்பாக்கியைத் தோளுக்கே கொண்டுபோகாத செல்வியின் தட்டு பறந்துவிடும்.

அவள் உடைத்தாள். அதுதான் ஆச்சரியம். அவள் குரல் கொடுக்காமல், எதிர்பார்க்காமல் வந்த தட்டை, தோளும் கன்னமும் துப்பாக்கியும் ஒரே அசைவில் சேர, நிதானமாக உடைத்தாள். எங்கள் ஹால் சுவரில் ஓட்டிப் பழகிய அதே அசைவு. பின்னால் நின்றவர்கள் கைதட்டினார்கள். நடுவர் என் அருகில் வந்து, "சார், தயவுபண்ணி மனசுக்குள்ள திட்டிக்கோங்க," என்றார்.

கடைசியில் நான் உடைத்தவை ஒரு கை விரல்களுக்குள் அடங்கின. (இயந்திரத்திலிருந்து வரும்போதே தானாக உடைந்த ஒன்றையும் சேர்க்கச் சொல்லிப் பார்த்தேன். நடுவர் ஒப்பவில்லை.) தனியாகப் பார்த்தால் மைதானத்தில் செல்விதான் முதல். ஜோடியாகப் பார்த்தால் நாங்கள் கடைசி. மாநிலப் போட்டிக்கு வேறு ஜோடி போனது.

பைக்கில் திரும்பினோம். செங்கல்பட்டில் ரயில்வே கேட் மூடியிருந்தது. இன்ஜினை அணைத்தேன்.

"தெனம் காலைல எழுந்து நான் குச்சி தூக்கினு நின்னேனே, பாத்தீங்கதானே?" என்றாள் பின்னாலிருந்து.

"பாத்தேன்."

"பாத்துகினே ஆர்டர் போட்டுகினு இருந்தீங்க."

அவள் கத்தியிருந்தால் நானும் ஏதாவது கத்தியிருப்பேன். அவள் மெதுவாகத்தான் சொன்னாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக வலித்தது. ரயில் போய், கேட் திறந்து, பின்னால் லாரிக்காரர் ஹாரன் அடிக்கும் வரைக்கும் வண்டியை எடுக்கத் தோன்றவில்லை.

மறுநாள் காலை கம்பெனி பஸ்ஸுக்கு முன்பு ஒட்டடைக்குச்சியை எடுத்தேன். தோள் வலித்தது, குச்சி முனை சுவர்க் கோட்டில் பாம்பாக நெளிந்தது. அதற்கு மறுநாளும் எடுத்தேன். பால்கனியில் பழகியபோது எதிர் ஃபிளாட் அம்மா, தன்னைக் குறிபார்க்கிறேன் என்று செக்ரட்டரியிடம் புகார் கொடுத்தார். உள்ளே வந்து பழகினேன். காய்ச்சல் வந்த நாளிலும் சும்மா இரண்டு முறையாவது தூக்கிவிட்டுத்தான் படுத்தேன். மேல்சட்டை, திண்டு, பச்சை மணி எல்லாம் பரணுக்குப் போயின. கண்ணுக்கும் காதுக்கும் மட்டும் கிளப்பில் கிடந்த பழையவற்றை மாட்டிக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தட்டு ஒன்று தூளாகிச் சிதறிய பிறகுதான், நான் துப்பாக்கியைப் பார்க்கவே இல்லை என்பது உறைத்தது. ஹேமா அடுத்த தட்டுக்குத் தயாராகச் சொன்னார்.

அடுத்த ஆண்டு ஆயுத பூஜைக்கு ஒட்டடைக்குச்சி ஒன்றுதான் பட்டுத்துணியில் இருந்தது. முதல் பொட்டை நான் வைத்தேன். போட்டியில் நான் பாதிக்குக் கொஞ்சம் மேலேயே உடைத்தேன், மீதியை அவள் பார்த்துக்கொண்டாள். மாநிலப் போட்டிக்குப் போனோம். (அங்கே வாங்கிய உதை தனிக்கதை.)

ஆனால் குப்பத்தில் யாருக்கும் அந்த வெற்றி நினைவில்லை. போன மாதம் அங்கே ஒரு கல்யாணம். வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்ற பெண் என் நெற்றியை நோக்கிக் கையை நீட்டினாள். பின்னாலிருந்து சேகர் ஓடிவந்து அவள் கையைப் பிடித்தான்.

"மாமாவுக்கு வெக்காத பாப்பா. வேர்த்து வழிஞ்சா மாப்ளைய சுட்டுருவாரு."

பந்தலே சிரித்தது. செல்விதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.