எண்பது பேர் போட்ட அஞ்சு

கேள்வித்தாளைக் கையில் கொடுத்து, பெயர் எழுத வேண்டாம் என்றும் சொல்லிவிட்டால் மனிதன் உண்மையைச் சொல்லிவிடுவான் என்று நம்பியவர்களில் நானும் ஒருவன். அந்த நம்பிக்கையால் என் மனைவி வளைகுடாவிலுள்ள ருவைஸுக்கு வந்து சேர ஒரு வருடம் தாமதமானது.

இரண்டாயிரத்து நான்கு, ஐந்து வாக்கில், அங்கே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்குச் சாரம் கட்டும் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் நான் டைம்கீப்பர். யார் டூட்டிக்கு வந்தார், யார் வரவில்லை என்று குறிப்பதுதான் வேலை. கல்யாணமாகி நாற்பதாம் நாள் கல்பனாவைத் திருச்சியில் விட்டுவிட்டு வந்திருந்தேன். ஆபீசர் கிரேடு கிடைத்தால்தான் கம்பெனி குடும்ப வீடு கொடுக்கும். அந்த கிரேடுக்கு முதுகலைப் பட்டம் வேண்டும். அதனால் தபால்வழியில் எம்.எஸ்ஸி. உளவியல். பரீட்சைகளை லீவில் போய் எழுதியாயிற்று. ஆய்வு அறிக்கை ஒன்றுதான் பாக்கி.

வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பார்த்து ஒரு விஷயம் கண்ணில் பட்டது. நாங்கள் தங்கியிருந்த கேம்பிலிருந்து சைட்டுக்கு எங்கள் தமிழ் ஆட்களை ஏற்றிப்போக இரண்டு பஸ். ஒன்றில் கேசட்டில் தமிழ்ப் பாட்டு ஓடும், இன்னொன்றில் ஓடாது. பாட்டு பஸ்காரர்கள் மட்டம் போடுவது குறைவாக இருந்தது. ஏன்? காலையில் கேட்கிற பாட்டு மனதுக்குள் போய் என்னதான் செய்கிறது? எனக்குத் தூக்கம் போயிற்று. (வயது இருபத்தேழு. எதையாவது கண்டுபிடித்தே தீருவேன் என்று திரியும் வயது.)

என் வழிகாட்டிப் பேராசிரியர் மெயிலில் என் உற்சாகத்தின் மேல் தண்ணீர் ஊற்றினார். இரண்டு விஷயங்கள் சேர்ந்து வருவது வெறும் தொடர்பு, ஒன்றால்தான் மற்றது நடக்கிறது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது, வேலையில் விருப்பம் உள்ளவர்களே பாட்டு பஸ்ஸாகப் பார்த்து ஏறுகிறார்களோ என்னவோ என்று எழுதியிருந்தார். காரணம் தெரிய வேண்டுமென்றால், யார் எந்த பஸ் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்துச் சோதனை செய்ய வேண்டுமாம்.

செய்தேன். மெஸ்ஸில் ஒரு ஹெல்மெட்டில் எண்பது துண்டுச் சீட்டுகளைப் போட்டு ஆளுக்கொன்று எடுக்கச் சொன்னேன். பாட்டில்லாத பஸ் விழுந்தவர்களுக்கு மற்றவர்கள் துக்கம் விசாரித்தார்கள். அந்த பஸ்ஸை ஓட்டுபவர் குல் கான் பாய், பெஷாவர்க்காரர். நான்கு வாரம் எந்தப் பாட்டும் கூடாது என்றதும், "கானா மாஃபி?", பாட்டே கிடையாதா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத் தலையாட்டினார். மறுநாளே அந்த நாற்பது பேரும் தாங்களாகவே பாட ஆரம்பித்து, பஸ் இருக்கையில் தாளம் போட்டுக்கொண்டு வந்து இறங்கினார்கள். ஃபோர்மேன் முருகேசன் அண்ணன்தான் அதட்டி நிறுத்தினார். சிவகங்கைப் பக்கத்துக்காரர். அவர் சொன்னால் கேம்பே கேட்கும்.

இதெல்லாம் எதற்கு என்று அவர் கேட்டார். ஆய்வில் கலந்துகொள்கிறவர்களிடம் நமக்கு என்ன முடிவு வேண்டும் என்பதை மூச்சுவிடக் கூடாது என்று என் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அதை நான் சிவப்பு மையால் அடிக்கோடும் போட்டிருந்தேன். ஆனால் ஏசி ஓடாத ஒரு மத்தியானத்தில், கல்பனாவை நினைத்துக்கொண்டு, அவரிடம் முழுக் கதையையும் கொட்டிவிட்டேன்.

"அப்ப இதுல மார்க்கு வந்தாத்தான் வீட்டம்மா வருவாகளா சார்?" என்றார்.

ஆமாம் என்றேன்.

நான்காம் வாரக் கடைசியில் கேள்வித்தாள் கொடுத்தேன். வேலைக்கு வருவதில் எவ்வளவு சந்தோஷம் என்பது பற்றிப் பத்து வாக்கியங்கள். ஒவ்வொன்றும் தனக்கு எவ்வளவு பொருந்தும் என்று ஒன்றிலிருந்து ஐந்துவரை போட வேண்டும். யோசிக்காமல் போடுகிறவர்களைக் கண்டுபிடிக்க நடுவில், 'எனக்கு வேலைக்கு வரவே பிடிக்கவில்லை' என்று ஒரு வாக்கியத்தையும் சாமர்த்தியமாகச் செருகியிருந்தேன். தாள்கள் திரும்பி வந்தன. பெயர் எழுத வேண்டாம் என்றதால் எல்லோரும் பெயரும் ஐடி நம்பரும் எழுதியிருந்தார்கள். கம்ப்யூட்டரில் ஏற்றி, ஆவலோடு கடைசி பட்டனைத் தட்டினேன். விடை வரவில்லை. பூஜ்ஜியத்தால் வகுக்க முடியாது என்று வந்தது.

தாள்களைப் புரட்டினேன். எண்பது பேரும் பத்துக்கும் ஐந்து. அதாவது எண்பது பேருக்கும் வேலைக்கு வருவதென்றால் கொள்ளை ஆனந்தம், அதே எண்பது பேருக்கும் வேலைக்கு வரவே பிடிக்கவில்லை. இரண்டு கோஷ்டியை ஒப்பிடும் கணக்குக்கு, ஆளுக்கு ஆள் கொஞ்சமாவது ஏற்ற இறக்கம் வேண்டும். இங்கே மருந்துக்குக்கூட இல்லை. ஆகஸ்ட் மாத ருவைஸ் கேம்ப்தான் உலகத்திலேயே மகிழ்ச்சியான இடம் என்பதைத் தவிர என் ஆய்வில் வேறு ஒன்றும் தேறவில்லை.

முருகேசன் அண்ணனைப் பிடித்தேன். அவர் பரிசு வாங்க வந்தவர் மாதிரி நின்றார்.

"எல்லாப் பயலுகளையும் அஞ்சு போடச் சொல்லிட்டேன் சார். வீட்டம்மா வரணும்ல."

"பாட்டு இல்லாத பஸ்ல போனவங்களாவது கம்மியா போட்டிருக்கலாமேண்ணே. வித்தியாசம் தெரிஞ்சாத்தானே நான் தேறுவேன்?"

அவர் முகம் மாறிவிட்டது. "அதெப்படி சார் போடுறது? கம்பெனித் தாளுல அந்த வண்டிக்குக் கம்மியா எழுதுனா, நாளைக்கு குல் கான் பாயத்தான கூப்பிட்டுக் கேப்பாக? மூணு பொம்பளப் புள்ளைய வச்சிருக்காரு மனுசன்."

அது என் சொந்தத் தாள், கம்பெனிக்குப் போகாது என்று அவர்களிடம் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. நான்கு வாரமாக நான் பாட்டைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தேன். அவர்கள் எனக்கும் பாய்க்கும் சேர்த்து யோசித்திருக்கிறார்கள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. அன்று போனில் கல்பனாவிடம் சொன்னேன். "எண்பது பேர்ல ஒரு ரெண்டு பேராவது நாலு போட்டிருக்கக் கூடாதா?" என்றாள்.

பேராசிரியர் அறிக்கையைத் திருப்பி அனுப்பினார். அடுத்த வருடம் யாரிடமும் ஒரு கேள்வியும் கேட்காமல், பழைய பதிவேடுகளை மட்டும் வைத்து வெறும் தொடர்பு ஆய்வு ஒன்று எழுதித் தேறினேன். கல்பனா வந்த முதல் வெள்ளிக்கிழமை, தன்னை ஒரு வருடம் காக்க வைத்த முருகேசன் அண்ணனையும் குல் கான் பாயையும் பார்க்க வேண்டும் என்றாள். இருவரும் ஆளுக்கொரு சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டு சாப்பிட வந்தார்கள். சாம்பார் எப்படி என்று அவள் கேட்க, முருகேசன் அண்ணன் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார். அவரைப் பார்த்து குல் கான் பாயும் காட்டினார். நானும் காட்டினேன். கடைசியில் சாப்பிட உட்கார்ந்த கல்பனா முதல் வாயிலேயே எழுந்து தண்ணீருக்கு ஓடினாள். உப்பு இரண்டு தடவை விழுந்திருந்தது.

அதிலிருந்து எங்கள் வீட்டில் ஐந்து என்ற மதிப்பெண் செல்லாது; ஐந்து காட்டினால் மனசு நோகாமலிருக்கச் சொல்கிற பொய் என்று அர்த்தம். எவ்வளவு நன்றாக இருந்தாலும் நாலுதான் உச்சம். போன மாதம் எங்கள் பெண் முதல்முறையாகச் சமைத்துவிட்டு எப்படி இருக்கிறது என்றாள். நிஜமாகவே நன்றாக இருந்தது. நெகிழ்ந்துபோய்க் கையை விரித்துவிட்டேன். அவள் முகம் வாடி, தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.