வழி தவறி வந்தவர்களுக்கான பக்கம்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

கண்ணாடிக் கடையிலிருந்து மாமனார் எழுதுவது. நானும் உங்கள் மாமியாரும் சௌக்கியம். நீங்களும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், மகள் இங்கே இருக்கும்போது அந்த நம்பிக்கை கொஞ்சம் அதிகப்படிதான் என்றாலும். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் கடைக்கும் வீட்டுக்கும் ஒரே சுவர், நான் மெதுவாகப் பேசினாலே தெருவுக்குக் கேட்கும் என்பது உங்களுக்குத் தெரியும். விஷயம் மகள் காதில் விழக்கூடாது. அதனால் கடை மெயிலில் எழுதுகிறேன்.

நம் கடைக்கு ஒரு வெப்சைட் போட்டுக் கொடுத்து, எழுத்தையும் படத்தையும் நானே மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லியும் கொடுத்தீர்கள் அல்லவா? அதில் நான் கை வைத்துவிட்டேன். போன வாரம் ஒரு வாடிக்கையாளர் போன் செய்து, "உங்க சைட்ல நானூத்தி நாலுன்னு வருதுங்க" என்றார். அப்படி ஒரு ஃபிரேம் நம்மிடம் இருந்ததாக ஞாபகமில்லை. இருந்தாலும் தேடி வந்த வியாபாரத்தை விடுவானேன் என்று ஸ்டாக் அறையை முழுக்கக் கிளறிவிட்டு, அந்த மாடல் தீர்ந்துவிட்டது, அடுத்த வாரம் வரும் என்று சொல்லி வைத்தேன். பிறகு நானே போய்ப் பார்த்தால், இல்லாத பக்கத்தைத் தேடி வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கென்றே வெப்சைட் மென்பொருள் தயாராக வைத்திருக்கும் பக்கமாம் அது. 'நீங்கள் கொடுத்த முகவரி தவறு' என்று முகத்தில் அடித்தாற்போல் போட்டிருந்தது. எனக்கு மனசே ஆறவில்லை. சரியாகக் கண் தெரியாதவர்தானே கண்ணாடிக் கடையைத் தேடி வருகிறார், அவர் எழுத்தைத் தப்பாகத்தான் அழுத்துவார், அதற்காகத் தப்பு உன் மேல்தான் என்று சொல்லி அனுப்புவதா?

தோண்டிப் பார்த்ததில், 'சிஸ்டம் பக்கங்கள்' என்று ஒரு இடத்தில் இந்த மாதிரி இன்னும் பல இருந்தன. எல்லாவற்றையும் மரியாதையாக மாற்றி எழுதினேன். பாஸ்வேர்டை மறந்தவர்களுக்கு, 'வயதானால் எல்லோருக்கும் மறக்கும், மனம் தளர வேண்டாம்' என்று போட்டேன். சைட்டைப் பழுது பார்க்கும்போது காட்டும் பக்கத்தில், 'தவிர்க்க முடியாத காரணத்தால் இன்று உங்களைச் சந்திக்க இயலவில்லை, இத்தனை நாள் தந்த அன்புக்கு நன்றி' என்று போட்டேன். இந்தப் பக்கங்களில் என்ன சங்கடம் என்றால், வேண்டுமென்றே தப்பு செய்தால்தான் அவற்றைப் பார்க்க முடிகிறது. உங்கள் மாமியாரை ஏதாவது தப்பாக டைப் செய்யச் சொன்னேன். அவள் எதை அடித்தாலும் சரியான பக்கத்துக்கே போய் நிற்கிறது, கல்யாணமான நாளிலிருந்தே அவள் அப்படித்தான். கடைசியில் நானே எதையோ அழுத்த, சைட் முழுக்கப் பழுதுபார்ப்புக்குப் போய்விட்டது. லென்ஸ் சப்ளை செய்கிறவர் அதைப் படித்துவிட்டுக் கறுத்த முகத்தோடு நேரில் வந்து, கல்லாவில் என்னை உயிரோடு பார்த்ததும் ஒரு டீ குடித்துவிட்டுப் போனார். சைட்டை மீட்கிற அவசரத்தில் விலைப் பட்டியல் பக்கத்தையும் அழித்திருக்கிறேன்.

அங்கேதான் வினை. மகள் யாருக்கோ விலை சொல்வதற்காக அந்தப் பக்கத்தைத் திறந்திருக்கிறாள். பட்டியல் போய், வழி தவறி வந்தவர்களுக்காக நான் எழுதிய பக்கம் வந்திருக்கிறது. அதில் இருந்தது இதுதான்: 'நீங்கள் வழி தவறவில்லை. சரியாக வழி சொல்லாதது எங்கள் தவறு. காத்திருக்க வைத்ததற்கு மனமார வருந்துகிறோம். தயவுசெய்து திரும்பி வாருங்கள்.'

அவள் இங்கே வந்த காரணத்தை அவள் வாயால் கேட்டதைச் சொல்கிறேன், நீங்கள் வேறு மாதிரியும் சொல்லலாம். அன்றைக்கு ரயில்வே ஸ்டேஷனில் பெட்டியோடு அவள் ஒரு வாசலில் மழையில் நிற்க, நீங்கள் இன்னொரு வாசலில் நிற்க, கடைசியில் பார்த்ததும் தப்பான வாசலில் நின்றது நீதான் என்றீர்களாம். அந்த ஒரு பேச்சுதான். அதற்கப்புறம் உங்கள் போனை எடுக்காமல் இருக்கிறாள், எங்களிடம் சிரித்துப் பேசுகிறாள், சாப்பிடும்போது மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். பெற்றவனுக்கு அதைப் பார்க்க முடியவில்லை, மாப்பிள்ளை.

ஸ்க்ரீனையே பார்த்துக்கொண்டிருந்தவள், "இதை யாருப்பா எழுதினது?" என்றாள். கண் கலங்கியிருந்தது. என் வாய் என்னைக் கேட்காமலே, "மாப்பிள்ளைதாம்மா" என்று சொல்லிவிட்டது. அவள் உள்ளே போய் அலமாரி மேலிருந்து பெட்டியை இறக்கிவிட்டாள்.

ஆகவே எழுதியது நீங்கள்தான். மேலே உள்ள நாலு வரியையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அவள் கேட்டால், நான் எங்கே எழுதினேன் என்று விழிக்க வேண்டாம். உங்கள் நேர்மை எனக்குத் தெரியும், அதுதான் பயமாக இருக்கிறது. இன்னொன்று, அந்தப் பக்கத்தின் அடியில், 'லென்ஸ் துடைக்கும் துணி இலவசம்' என்றும் ஒரு வரி போட்டிருக்கிறேன். அவள் நிதானமாக இன்னொரு தடவை படிக்குமுன் அதை எடுக்கப் போனேன். பதற்றத்தில் பாஸ்வேர்டைத் தப்புத் தப்பாக அடிக்க, சைட் வயதானால் எல்லோருக்கும் மறக்கும் என்று எனக்கே ஆறுதல் சொல்லி வெளியே தள்ளிவிட்டது. நீங்கள் அங்கிருந்தே அந்த வரியை உடனே எடுத்துவிட வேண்டும். மாமனார் கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்கிறேன்.

இருவரும் இனி எங்கே போனாலும் ஒரே வாசலில் சந்தித்து நீடூழி வாழ வாழ்த்தும்,
உங்கள் மாமனார்

பி.கு.: மேலே சொன்ன எதையும் செய்ய வேண்டாம். நடுவில் ஒருவருக்கு ஃபிரேம் மாட்டிப் பார்க்க எழுந்து போனேன். திரும்பி வந்தால் என் நாற்காலியில் மகள், கடிதத்தைக் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டாள். நான் வாயைத் திறக்குமுன் அவளே சொன்னாள்: "மன்னிப்பும் கேட்டுட்டு, துணி இலவசம்னு அவர் போடுவாராப்பா? பார்த்ததுமே நீங்கதான்னு தெரியும். வீட்டுக்குத் திரும்பிப் போக எனக்கும் ஒரு சாக்கு வேணாமா?" சாயங்கால ரயிலில் கிளம்புகிறாள். எந்த வாசலில் நிற்பாய் என்று கேட்டேன், பெட்டியைப் பூட்டப் போய்விட்டாள். ஆகையால் வாசலை நம்பாதீர்கள், நேராகப் பிளாட்பாரத்துக்கே வந்துவிடுங்கள். குடையும் கொண்டு வாருங்கள். பாஸ்வேர்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.